எத்தனை ஜூல் என்பதற்கு முன், எத்தனை கெல்வினில்?

தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு வந்து எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒரு தங்கையின் கேள்வி இது. "ப்ராஜெக்டுக்கு அருமண் சேர்மங்களின் காந்தவெப்பப் பண்புகள் என்று கைடு தலைப்புக் கொடுத்திருக்கிறார். கட்டுரைகளைப் பார்த்தால் ஒருவர் 20 ஜூல் என்கிறார், இன்னொருவர் 70 ஜூல் என்கிறார். எது நல்ல பொருள் என்று எப்படிச் சொல்வது? குறைந்த வெப்பநிலையையே ஏன் எல்லோரும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்? இங்கே இருந்துகொண்டே உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? எங்கள் ஐயா வேறு, கம்ப்ரசர் இல்லாத ஏசி நம் வீட்டுக்கு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்."

ஐயாவுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்னப் பதில்தான். இப்போதைக்கு வராது. காந்தப்புலத்தை ஏற்றி இறக்கிக் குளிரூட்டுவதுதான் கம்ப்ரசர் இல்லாத ஏசியின் யோசனை. அறை வெப்பநிலையில் இந்த வேலைக்குப் பேர்போனது காடோலினியம் என்ற அருமண் தனிமம். அதன் கியூரி வெப்பநிலை, அதாவது குளிரும்போது அது ஃபெர்ரோ காந்தமாக மாறும் வெப்பநிலை, ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ். 2 டெஸ்லா காந்தப்புலத்துக்குள் கொண்டுபோனால் 5 டிகிரி போலச் சூடாகும், வெளியே எடுத்தால் அந்த அளவு குளிரும். கட்டுப்படியாகும் விலையில் நிலைக்காந்தங்களால் கிடைப்பது 1 முதல் 1.5 டெஸ்லா வரைதான். சித்திரையில் நம் பக்கம் வெளியே 38, 40 டிகிரி அடிக்கும்போது, உள்ளே இருக்கும் வெப்பத்தை அங்கே தள்ளிவிட இந்த ஒரு தாவல் போதாது. 1976-இல் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் ஜி. வி. பிரவுன் காடோலினியத்தை வைத்து 47 டிகிரி இடைவெளியை உண்டாக்கிக் காட்டினார் என்பது உண்மை. ஆனால் அவர் பயன்படுத்தியது 7 டெஸ்லா, அதற்கு மின்தடையே இல்லாத கம்பிச்சுருளால் ஆன மீக்கடத்துக் காந்தம் வேண்டும். ஒரு ஏசிக்காக யாரும் வீட்டில் மீக்கடத்துக் காந்தம் வைக்கப்போவதில்லை. அதுவரை முற்றமும் சுண்ணாம்புச் சுவரும் செய்கிற வேலையைச் செய்யட்டும்.

இப்போது உங்கள் கேள்வி. கட்டுரைகள் சொல்லும் அந்த ஜூல், காந்தப்புலம் ஏற்றும்போது ஒரு கிலோ பொருளின் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கெல்வினுக்கு எத்தனை ஜூல் குறைகிறது என்பது. ஒரு பொருள் நல்லதா என்று பார்க்க எத்தனை ஜூல் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை கெல்வினில், எத்தனை டெஸ்லாவுக்கு என்று கேட்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுச் சொல்லப்படும் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இல்லை. ஏன் என்று அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

ஒரு காடோலினியம் அயனியில் 4எஃப் கூட்டில் ஏழு இணைசேரா எலக்ட்ரான்கள். மொத்த ஸ்பின் 7/2. காந்தப்புலம் இல்லாதபோது அதற்கு எட்டு நிலைகள், எட்டும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் இருக்கும். அயனி இவற்றில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் உண்டாகும் என்ட்ரோபி, வாயு மாறிலி 8.314-ஐ எட்டின் இயல் மடக்கையால் பெருக்கினால் கிடைக்கும்: ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு 17.3 ஜூல். காந்தப்புலம் வைத்ததும் எட்டு நிலைகளும் பிரிந்துவிடும், அயனிகள் தாழ்ந்த நிலைக்கு இறங்கும், என்ட்ரோபி குறையும், அதற்கு ஈடாக வெப்பம் வெளியே வரும். அந்த வெப்பத்தை ஹீலியத்துக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் வெப்பத் தொடர்பைத் துண்டித்துவிட்டுப் புலத்தை மெல்ல இறக்கினால், ஸ்பின்கள் பழையபடி குலைவதற்கு என்ட்ரோபி தேவைப்படும். வெளியிலிருந்து வர வழியில்லை. ஆகவே படிகத்தின் அதிர்வுகளிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். படிகம் குளிரும். வெப்பப் பரிமாற்றமில்லாக் காந்தநீக்கம் என்று பாடப்புத்தகம் சொல்வது இவ்வளவுதான்.

குறைந்த வெப்பநிலை ஏன் என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, புலம் எவ்வளவு ஆற்றலில் பேசுகிறது என்பது. அணுவின் காந்தத்தை அளக்கும் அலகு போர் மேக்னட்டான். 1 டெஸ்லாவில் அப்படி ஒன்றின் ஆற்றல், வெப்பநிலைக் கணக்கில் 0.67 கெல்வின். காடோலினியத்தின் 7 மேக்னட்டானுக்கு 4.7 கெல்வின். 2 கெல்வினில் இருக்கும் அயனியை 1 டெஸ்லாவே நன்றாக ஒழுங்குபடுத்திவிடும். 300 கெல்வினில் அதே 1 டெஸ்லா வெப்பக் கலக்கத்தின் முன் ஒன்றுமே இல்லை. அங்கே ஏதாவது நடக்க வேண்டுமானால் அயனிகள் தங்களுக்குள் கைகோத்து ஃபெர்ரோ காந்தமாக மாறும் கியூரி வெப்பநிலைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இரண்டாவது காரணத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. புலத்தை இறக்கும்போது காந்த என்ட்ரோபி கூடுவதால் வரும் குளிர்ச்சியை யார் பங்குபோடுகிறார்கள்? படிகக் கூடு, அதாவது லாட்டிஸ். அதன் தன்வெப்பம் குறைந்த வெப்பநிலையில் வெப்பநிலையின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 2 கெல்வினிலிருந்து 20 கெல்வினுக்குப் போனால் லாட்டிஸின் தன்வெப்பம் ஆயிரம் மடங்கு கூடுகிறது. அறை வெப்பநிலையில் ஒவ்வொரு அணுவும் மோலுக்கு 25 ஜூல் என்று கேட்கும். 2 கெல்வினில் லாட்டிஸ் இருக்கிறதா என்றே தெரியாது, ஸ்பின்களுக்குக் கிடைத்த குளிர்ச்சி முழுக்க அப்படியே மிஞ்சும். 10 ஜூல் என்ட்ரோபி மாற்றம் 2 கெல்வினில் கொடுக்கும் பலனும் 200 கெல்வினில் கொடுக்கும் பலனும் வேறு வேறு என்பது இதனால்தான். வெப்பநிலை எவ்வளவு மாறும் என்பதற்கு என்ட்ரோபி மாற்றத்தை வெப்பநிலையால் பெருக்கி, மொத்தத் தன்வெப்பத்தால் வகுக்க வேண்டும். கட்டுரையில் அந்தத் தன்வெப்பம் கொடுக்கப்படவில்லை என்றால் பாதிக் கதைதான் கையில் இருக்கிறது.

வரலாற்றில் ஒரு சிறு எச்சரிக்கை. நீங்கள் படிக்கும் கட்டுரைகளில் பாதிக்குமேல் "1881-இல் வார்பர்க் இந்த விளைவைக் கண்டுபிடித்தார்" என்று தொடங்கும். ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்து எழுதிய வரி அது. வார்பர்க் ஆராய்ந்தது இரும்பில் காந்தத் தயக்கத்தால், அதாவது புலம் மாறும்போது காந்தமாக்கல் பின்தங்குவதால், வீணாகும் ஆற்றலை. அது திரும்பிவராத சூடு. புலம் ஏற்றினால் சூடு, இறக்கினால் குளிர் என்று திரும்பிவரும் விளைவை நிக்கலில் கண்டவர்கள் வைஸ், பிக்கார்ட் இருவரும், 1917-இல். அதைக் கொண்டு ஹீலியத்துக்கும் கீழே போகலாம் என்று 1926, 1927 வாக்கில் டிபையும் ஜியோக்கும் தனித்தனியே சொன்னார்கள். செய்துகாட்டியது 1933-இல், பெர்க்லியில், ஜியோக்கும் மெக்டூகலும். பொருள் 61 கிராம் காடோலினியம் சல்பேட், எட்டு நீர் மூலக்கூறுகளோடு. புலம் 0.8 டெஸ்லா. தொடங்கியது 1.5 கெல்வினில், போய்ச் சேர்ந்தது 0.25 கெல்வினில். ஹீலியத்தைப் பம்பு போட்டு உறிஞ்சிக் காமர்லிங் ஓன்ஸ் 0.83 கெல்வின் வரைதான் போக முடிந்திருந்தது. ஜியோக்குக்கு 1949-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ப்ராஜெக்டின் முன்னுரையில் இந்த 61 கிராமைப் போடுங்கள், வார்பர்க்கை விட்டுவிடுங்கள்.

சரி, அருமண்ணில் எது? காடோலினியத்தில் சுற்றுப்பாதை உந்தம் பூஜ்யம். சுற்றியிருக்கும் அணுக்களின் மின்புலம் அதைத் தொட முடியாது, எட்டு நிலைகளும் ஒரு கெல்வின் அளவு வரை எட்டாகவே இருக்கும். இரண்டு நேர்மின் யூரோப்பியமும் இதே சாதிதான். டிஸ்ப்ரோசியம், ஹோல்மியம், எர்பியம் ஆகியவற்றுக்கு மொத்தக் கோண உந்தம் பெரியது: டிஸ்ப்ரோசியத்துக்கும் எர்பியத்துக்கும் 15/2, ஹோல்மியத்துக்கு 8. காகிதத்தில் போட்டால் 16 நிலைகள், 17 நிலைகள், மோலுக்கு 23 ஜூலுக்கு மேல் வரும். காடோலினியத்தைவிட நல்லதாயிற்றே என்று தோன்றும். ஆனால் படிகத்தின் மின்புலம் அந்தப் பதினாறையும் இரண்டு இரண்டாகப் பிரித்துப்போட்டுவிடும். 2 கெல்வினில் எட்டக்கூடியது அடிமட்ட ஜோடி ஒன்றுதான், அதற்கு மோலுக்கு 5.8 ஜூல். ஹோல்மியத்தில் அடிமட்டம் ஒற்றை நிலையாகவும் அமைந்துவிடலாம், அப்படி அமைந்தால் அந்த வெப்பநிலையில் கைக்கு எதுவும் வராது. ஆனால் 15, 30, 60 கெல்வினில் மேலே உள்ள நிலைகளும் விளையாட்டுக்கு வரும், பெரிய கோண உந்தத்தின் பலன் அங்கேதான் தெரியும். எனவே திரவ ஹீலியத்துக்குக் கீழே காடோலினியம், திரவ ஹைட்ரஜன் பக்கம் ஹோல்மியம், எர்பியம், டிஸ்ப்ரோசியம். பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்து, எவ்வளவு கீழே போக முடியும்? ஒழுங்கற்ற பாரா காந்தத்தில் என்ட்ரோபி, புலத்தை வெப்பநிலையால் வகுத்த எண்ணை மட்டுமே சார்ந்திருக்கும். புலத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால் வெப்பநிலையும் பத்தில் ஒரு பங்காகும். புலத்தைப் பூஜ்யமாக்கினால் கெல்வினும் பூஜ்யமாக வேண்டும், ஆனால் ஆகாது, ஏனென்றால் அயனிகள் ஒன்றின் மீது ஒன்று செலுத்தும் உள்புலம் எப்போதும் மிச்சமிருக்கும். அந்த உள்புலமே ஒரு வெப்பநிலையில் அவற்றைத் தானாக ஒழுங்குபடுத்திவிடும். அதற்குக் கீழே இந்தப் பொருளால் பயனில்லை. இங்கேதான் ஒரு இழுபறி. கிலோவுக்கு நிறைய ஜூல் வேண்டுமானால் காடோலினியத்தை நெருக்கி அடுக்க வேண்டும். நெருக்கினால் சீக்கிரமே ஒழுங்காகிவிடும். மில்லிகெல்வின் வேண்டுமானால் அயனிகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும், கிலோவுக்கு ஜூல் குறையும். சீரியம் மெக்னீசியம் நைட்ரேட் என்ற நீர்ச்சேர்ம உப்பு இந்தக் கடைசி ரகம். 2 மில்லிகெல்வின் அருகே வரை ஒழுங்காகாமல் தாக்குப்பிடிக்கும், ஆனால் ஒரு கைப்பிடி உப்பில் குளிர்ச்சி கொஞ்சம்தான்.

இப்போது எண்களுக்கு வருவோம். காடோலினியம் காலியம் கார்னெட் இந்தத் துறையின் பழைய உரைகல். அதன் மோல் நிறை 1012 கிராம், உள்ளே மூன்று காடோலினியம். மூன்றை 17.3-ஆல் பெருக்கி நிறையால் வகுத்தால் கிலோவுக்கு 51 ஜூல் வரும். இதுதான் உச்சவரம்பு, எத்தனை டெஸ்லா போட்டாலும் இதைத் தாண்டாது. 2 கெல்வின் அருகே 7 டெஸ்லாவில் சுமார் 38 ஜூல் கிடைக்கிறது. காடோலினியம் ட்ரைஃபுளோரைடுக்கு உச்சவரம்பு 80.7, அளந்தது 7 டெஸ்லாவில் 71.6. காடோலினியம் ஃபார்மேட்டுக்கு அளந்தது 55.9. காடோலினியம் பாஸ்பேட்டுக்கு உச்சவரம்பு 68.6, அளந்தது 62. ஒரு கட்டுரையில் அளந்த எண் உச்சவரம்பைத் தாண்டியிருந்தால், பொருள் அதிசயமானது என்று எண்ணாதீர்கள். அளவீட்டில் கோளாறு. கால்குலேட்டரில் அரை நிமிஷ வேலை இது, எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் முதலில் செய்யுங்கள்.

கிலோவுக்கு என்பதும் முழு உண்மை இல்லை. இந்தக் கருவியில் விலை உயர்ந்த உறுப்பு காந்தம், காந்தத்தின் விலையோ அது நிரப்ப வேண்டிய இடத்தைப் பொறுத்தது. எனவே கன சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிஜூல் என்று பார்க்க வேண்டும். ஃபார்மேட்டும் பாஸ்பேட்டும் கிலோக் கணக்கில் 55.9, 62 என்று பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கன சென்டிமீட்டருக்கு மாற்றிப் பாருங்கள்: ஃபார்மேட் 216 மில்லிஜூல், பாஸ்பேட் 376. ட்ரைஃபுளோரைடு 506. எடை குறைவான கரிம மூலக்கூறுகளில் காடோலினியத்தைக் கட்டி, கிலோவுக்கு இத்தனை என்று பெருமைப்படும் கட்டுரைகள் ஏராளம். வேதியியலாக அவை அழகானவை. குளிரூட்டியாக என் ஓட்டு அடர்த்தியான ஃபுளோரைடு, பாஸ்பேட், ஆக்சைடுகளுக்குத்தான். நீர்ச்சேர்ம உப்புகள் வெற்றிடத்தில் நீரை இழந்து பாழாகும், காற்றுப்புகாமல் மூடிவைக்க வேண்டும், வெப்பத்தை உள்ளே கொண்டுபோகச் செப்புக் கம்பிகளையோ தங்கக் கம்பிகளையோ உப்புக்குள் வளர்க்க வேண்டும். இவ்வளவும் செய்து விண்வெளிக்கே அனுப்புகிறார்கள் என்பது வேறு விஷயம். 2023 செப்டம்பரில் ஜப்பானிலிருந்து ஏவப்பட்ட எக்ஸ்ரிஸம் செயற்கைக்கோளில் இருக்கும் ரிசால்வ் கருவியின் எக்ஸ்கதிர் உணரி 50 மில்லிகெல்வினில் வேலைசெய்கிறது, அதைக் குளிர்விப்பது காந்தநீக்கம்தான். எடையில்லாமல் மிதக்கும் இடத்தில் திரவ ஹீலியத்தைக் கலந்து குளிர்விக்கும் முறைகளைவிடத் திண்மப்பொருள் ஒன்று சிக்கலில்லாமல் நடக்கும். தரையிலும் இதற்கு மவுசு கூடிவருகிறது, ஏனென்றால் ஹீலியத்தின் இரு வகைகளைக் கலந்து குளிர்விக்கும் அந்த நீர்ப்புக் குளிர்விப்பான்களுக்கு வேண்டிய ஹீலியம்-3 பெரும்பாலும் ட்ரிட்டியம் சிதைவதால்தான் கிடைக்கிறது, உலகத்தில் கையிருப்பு சொற்பம்.

இனி 20 கெல்வினுக்கு மேலே. ஹைட்ரஜன் திரவமாவது 20.3 கெல்வினில். மகேந்திரகிரியில் இஸ்ரோ கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிக்கத் திரவ ஹைட்ரஜன் வேண்டும், தூத்துக்குடித் துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் மையமாக்கப் போகிறார்கள். ஹைட்ரஜனைத் திரவமாக்கக் கோட்பாட்டின்படி கிலோவுக்கு 3 முதல் 4 கிலோவாட்-மணி போதும், ஆனால் இன்றைய ஆலைகள் 10-க்கு மேல் விழுங்குகின்றன. ஒரு கிலோ ஹைட்ரஜனை எரித்தால் கிடைப்பதே 33 கிலோவாட்-மணி என்றால், மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கவே போகிறது. காந்தமுறை இந்த வீணாவதைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில்தான் திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்கும் 20 கெல்வினுக்கும் நடுவே வேலைசெய்யும் அருமண் சேர்மங்களை உலகம் தேடுகிறது.

இங்கே ஒரே தாவலில் வேலை நடக்காது. லாட்டிஸ் கனமாகிவிட்டது, ஒரு சுற்றில் சில கெல்வின்தான் இறங்கலாம். அதனால் 1980-களின் தொடக்கத்தில் பார்க்லேயும் ஸ்டேயர்ட்டும் ஒரு யோசனை சொன்னார்கள்: காந்தப்பொருளையே துகள்களாகக் குழாயில் நிரப்பி, புலத்தை ஏற்றி இறக்கும் தாளத்துக்கேற்ப ஹீலியம் வாயுவை அதனூடே முன்னும் பின்னும் ஓட்டுவது. வீடு கட்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றி மேல்மாடிக்கு ஏற்றுவார்களே, அதேபோல ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளுக்கு வெப்பத்தைக் கைமாற்றி, குளிர்ந்த முனையிலிருந்து சூடான முனைக்குக் கொண்டுசேர்க்கும். ஒவ்வொருவரும் நகர்த்தும் தூரம் சில கெல்வின்தான், வரிசை முழுக்கச் சேர்ந்து 57 கெல்வின்.

அந்த வரிசையில் ஒவ்வொரு இடத்துக்கும் அந்த வெப்பநிலையில் கியூரி புள்ளி கொண்ட ஆள் வேண்டும். அருமண் சேர்மங்களின் அழகு இதில்தான். ஒரு அருமண்ணுக்கு இரண்டு அலுமினியம் என்ற ஒரே கட்டமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எர்பியம் போட்டால் 13 கெல்வின் அருகே, ஹோல்மியம் போட்டால் 30 அருகே, டிஸ்ப்ரோசியம் போட்டால் 60-ஐ ஒட்டி, காடோலினியம் போட்டால் 165-ஐத் தாண்டும். இரண்டைக் கலந்தால் நடுவில் எங்கே வேண்டுமோ அங்கே. அலுமினியத்துக்குப் பதில் கோபால்ட் போட்டால் எர்பியத்துக்கு 32 கெல்வின், ஹோல்மியத்துக்கு 75-80. கோபால்ட் குடும்பத்தில் மாற்றம் முதல்வகையாக, சட்டென்று நடக்கும், உச்சம் கூர்மையாக உயரும். உச்சத்தைப் பார்த்து மயங்கக்கூடாது. முதல்வகை மாற்றத்தில் காந்தத் தயக்கம் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வெப்பம் வீணாகும், மேலும் கூர்மையான உச்சம் ஒடுக்கமானது. கொஞ்சம் அகலமான, திரும்பிவரக்கூடிய மலைகளை வரிசையாக நிறுத்துவதே இயந்திரத்துக்கு நல்லது என்பது என் கணிப்பு.

2020-இல் ஜப்பானின் தேசியப் பொருளறிவியல் நிறுவனத்தார் இயந்திரக் கற்றலைக் கொண்டு பழைய கட்டுரைகளின் தரவுகளைச் சலித்து, யாரும் இந்தக் கண்ணோடு பார்த்திராத ஹோல்மியம் டைபோரைடைப் பிடித்தார்கள். மாற்றம் 15 கெல்வினில். 5 டெஸ்லாவுக்குக் கிலோவுக்கு 40.1 ஜூல், கன சென்டிமீட்டருக்கு 350 மில்லிஜூல். ஹைட்ரஜன் கொதிநிலைக்கு இவ்வளவு பக்கத்தில் இது பெரிய எண். இதை 7 டெஸ்லா 2 கெல்வின் ட்ரைஃபுளோரைடின் 71.6-உடன் ஒப்பிட்டு இது குறைவு என்று சொல்பவர்களைப் பார்த்தால், நீங்கள் ஆரம்பத்தில் கேட்ட குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். பொதுவாகவே கியூரி புள்ளி உயர உயர உச்சம் தாழும், அது இயற்கை.

இதெல்லாம் இன்னும் ஆய்வகக் கதை என்று நினைத்தால், மதுரையிலோ திருச்சியிலோ ஏதாவது ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ அறைக்கு வெளியே நின்று காது கொடுங்கள். ஸ்கேன் ஓடாதபோதும் ஒரு சீரான சத்தம் வந்துகொண்டே இருக்கும். மீக்கடத்துக் காந்தத்தின் ஹீலியத்தை ஆவியாகாமல் காக்கும் குளிர்த்தலையின் சத்தம் அது. அதனுள்ளே வெப்பத்தைச் சேமித்துத் திருப்பித்தரும் பொருளாக முன்பு ஈயக் குண்டுகளைப் போட்டார்கள். 10 கெல்வினுக்குக் கீழே ஈயத்தின் தன்வெப்பம் படுத்துவிடும், குளிர்த்தலையும் அங்கேயே நின்றுவிடும். 1990 வாக்கில் ஈயத்தின் இடத்துக்கு மூன்று எர்பியத்துக்கு ஒரு நிக்கல் என்ற சேர்மம் வந்தது. அதன் காந்த மாற்றம் 8 கெல்வினை ஒட்டி இருப்பதால் அங்கே தன்வெப்பம் எகிறும், குளிர்த்தலை 4 கெல்வினைத் தொட்டது. பிறகு ஹோல்மியம்-செம்பு சேர்மமும், 5 கெல்வின் அருகே மாறும் காடோலினியம் ஆக்சிசல்பைடும் சேர்ந்தன. காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும் வேலை இதில் இல்லை, ஆனால் பலன் தருவது அதே காந்த என்ட்ரோபி.

காரைக்குடியில் என்ன செய்யலாம்? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊர் இது. உலையும் எக்ஸ்கதிர் விளிம்புவிளைவுக் கருவியும் இந்த ஊருக்குப் புதிதல்ல. அருமண் உலோகக் கலவைகளை ஆர்கான் வில்லுலையில் உருக்க வேண்டும், உலோகம் காற்றுப்பட்டால் ஆக்சைடாகும், எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு அது பெரிய தலைவலி. என் ஆலோசனை காடோலினியம் பாஸ்பேட். காடோலினியம் நைட்ரேட் கரைசலில் அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டைச் சேர்த்து வீழ்படிவாக்கி, கழுவி, உலர்த்தி, 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால் கிடைத்துவிடும். முதலில் வருவது நீர் கலந்த அறுகோண வடிவம், சுட்ட பிறகுதான் மோனசைட் வடிவம். பழைய வடிவம் துளி மிச்சமிருந்தாலும் கிலோக் கணக்கு தப்பாகிவிடும் என்பதால் எக்ஸ்கதிர் படத்தில் அதன் கோடுகள் முழுக்க மறைந்தனவா என்று பாருங்கள்.

மோனசைட் என்றதும் மணவாளக்குறிச்சி ஞாபகம் வருவது இயல்பு. 1909-இல் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிவந்த மணலில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டது அந்தத் தாதுவைத்தான், இன்றும் அங்கே மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் அதை எடுக்கிறது. உங்கள் பாஸ்பேட்டுக்கும் அந்தக் கடற்கரை மணலுக்கும் ஒரே படிகக் கட்டமைப்பு. ஆனால் அங்கே நிறைந்திருப்பது சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலேசான அருமண்கள். காடோலினியம் ஒன்றிரண்டு சதவீதம், டிஸ்ப்ரோசியமும் ஹோல்மியமும் அதைவிடச் சொற்பம். கனமான அருமண்ணுக்கு உலகம் சீனாவின் தென்பகுதிக் களிமண்ணையும், பர்மாவின் கச்சின் மாநிலத்தையும் நம்பியிருக்கிறது. நம் வீட்டுத் தூண்களுக்குத் தேக்கு வந்த அதே பர்மாவிலிருந்து இப்போது டிஸ்ப்ரோசியம் மண் சீனாவுக்குப் போகிறது. 2025 ஏப்ரலில் சீனா காடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம் உள்பட ஏழு தனிமங்களை ஏற்றுமதி உரிமத்துக்குள் கொண்டுவந்தது. உங்களுக்கு வேண்டியது சில கிராம் நைட்ரேட்தான். இருந்தாலும் வேதிப்பொருள் ஆர்டரை முதல் மாதத்திலேயே போட்டுவிடுங்கள்.

அளவீட்டுக்கு வெளியே போகத்தான் வேண்டும். இந்தூரில் உள்ள யுஜிசி-டிஏஇ கூட்டு ஆய்வு மையம் பல்கலைக்கழக ஆட்களுக்குக் குறைந்த வெப்பநிலை, உயர்புல அளவீடுகளைச் செய்துதருகிறது. கைடு மூலம் முன்மொழிவு அனுப்ப வேண்டும். 2 கெல்வினிலிருந்து 20 வரை ஒரு கெல்வின் இடைவெளியில், 7 டெஸ்லா வரை காந்தமாக்கக் கோடுகள் கேளுங்கள். 2-க்கும் 6-க்கும் இடையே அரைக் கெல்வின் இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் காந்தமாக்கலிலிருந்து என்ட்ரோபி மாற்றத்தைக் கணக்கிடும் மேக்ஸ்வெல் தொடர்பில் வகைக்கெழு எடுக்கும்போது அகலமான இடைவெளி உச்சத்தை மழுக்கிவிடும். புலத்தைப் பொறுத்தவரை 1 டெஸ்லாவுக்குக் கீழே புள்ளிகள் நெருக்கமாக இருக்கட்டும். மாதிரியின் வடிவத்தால் வரும் காந்தநீக்கப் புலத்தைத் திருத்த மறக்காதீர்கள், காடோலினியம் இவ்வளவு நெருக்கமாக உள்ள பொருளில் அது கண்ணில் படும் அளவுக்கு இருக்கும்.

முதல்வகை மாற்றம் உள்ள பொருளை யாராவது உங்களிடம் கொடுத்தால் இன்னொரு பொறியும் உண்டு. ஒரு வெப்பநிலையில் அளந்துவிட்டு நேரே அடுத்ததற்குப் போனால், முந்தைய புலத்தால் உருவான காந்தப் பகுதிகள் பொருளுக்குள் மிச்சமிருக்கும், இரண்டு நிலைகளும் கலந்த பொருளுக்கு மேக்ஸ்வெல் கணக்கைப் போட்டால் இல்லாத உச்சம் ஒன்று முளைக்கும். மாங்கனீசு ஆர்சனைடு குடும்பத்தில் பிரம்மாண்டமான எண்கள் வெளிவந்து, பிறகு இதே காரணத்தால் கேள்விக்குள்ளாயின. ஒவ்வொரு கோட்டுக்கு முன்னும் மாதிரியை மாற்ற வெப்பநிலைக்கு நன்றாக மேலே சூடாக்கி, புலமில்லாமல் குளிர்வித்து அளந்தால் இந்தத் தொல்லை இல்லை. பாஸ்பேட்டுக்கு இது தேவைப்படாது, அது 0.8 கெல்வின் வரை ஒழுங்காகாத பாரா காந்தம்.

முடிந்தால் தன்வெப்பமும் கேளுங்கள், பூஜ்யப் புலத்தில் ஒன்று, 1, 3, 5 டெஸ்லாவில் ஒவ்வொன்று. சில மில்லிகிராம் அழுத்திய வில்லை போதும். அது கிடைத்தால் வெப்பநிலை எவ்வளவு இறங்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம், காந்தமாக்கலிலிருந்து வந்த என்ட்ரோபியோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கலாம். அறிக்கையில் எண்களை எழுதும்போது 7 டெஸ்லாவின் எண்ணுக்குப் பக்கத்திலேயே 1 டெஸ்லாவுக்கும் 2 டெஸ்லாவுக்கும் உரிய எண்களையும், கன சென்டிமீட்டர்க் கணக்கையும், உச்சவரம்பில் எத்தனை சதவீதம் என்பதையும் ஒரே அட்டவணையில் போடுங்கள். வைவாவில் கேட்கப்படும் முதல் கேள்வி 1 டெஸ்லாவைப் பற்றியதாகத்தான் இருக்கும்.